பதினொரு நிமிடத் தூரம்

எப்படி வந்தீர்கள் என்று கேட்டாள் கவுண்டர் பெண்.
விமானமா, ரயிலா, பேருந்தா.
படிவத்தில் மூன்றே கட்டங்கள்.
நடந்து வந்தேன் என்றேன்.
தலை நிமிர்ந்தாள்.
சான் வீட்டோ மேட்டிலிருந்து
பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்க
பதினொரு நிமிடம்.
காப்பிக்கடை வாசலில் ஒரு தரம் நின்றேன்,
சக்கரத்தில் சிக்கிய பிளாஸ்டிக் நாடாவைப் பிய்க்க.
அதையும் சொன்னேன்.
பேருந்து என்ற கட்டத்தில் குறியிட்டு
நெரினா பாபிச் என்று அச்சடித்த அட்டையைத் தந்தாள்.

பொய்யும் இல்லை.
இருபத்தாறு வருடம் ட்ரியெஸ்தேயில் பேருந்து ஓட்டியவள் நான்.
துறைமுக வளைவில் இந்த வெள்ளைச் சுவர் வந்து நிற்கும் நாட்களில்
முன்கண்ணாடியில் வெயில் அடிக்காது.
கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்:
நிழல்.

பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.
அறைக்கு வந்துவிடும் என்றார்கள்,
எப்போது என்று சொல்லவில்லை.
உயிர்காப்பு வளையம் ஒன்றைக் கையில் திணித்துச்
சிரிக்கச் சொன்னான் புகைப்படக்காரன்.
தனியாகவா என்றான்.
வளையம் இருக்கிறதே என்றேன்.

எட்டாம் தளம். எல்லாக் கதவும் ஒரே கதவு.
துவாலையை மடித்து யானை செய்து
கட்டிலில் உட்கார வைத்திருந்தான்
லொம்போக் தீவிலிருந்து வந்த சுஹர்தி.
இருவருக்கான கட்டில்.
விரிப்பின் நடுவில் கை வைத்துப் பார்த்தேன்.
ஒட்டிப் போட்ட இரண்டு ஒற்றைக் கட்டில்கள்.

ஏழு குட்டைச் சத்தம், ஒரு நெட்டைச் சத்தம்.
ஆபத்துக் காலத்தில் நிற்க வேண்டிய இடத்தில்
ஆபத்தில்லாமல் நின்றோம்.
பவேரியாக்காரர் ஒருவர் மதுக் கோப்பையோடு வந்தார்,
இதற்குப் படகில் இடம் உண்டா என்று.
அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

ஆறு மணிக்குக் கிளம்பியது.
கிளம்பியது என்றே தெரியவில்லை.
ஊர்தான் கொஞ்சம் பின்வாங்கியது,
கடன் கேட்க வருபவனைத் தூரத்தில் கண்ட
உறவுக்காரர் மாதிரி.

சங்கு ஊதினார்கள்.
வீட்டில் அது சன்னல் கண்ணாடியில் கேட்கும்.
மேல்வீட்டு நாய் ப்ரீக்கோலா குரைக்கும்,
நான் அடுப்பைக் குறைப்பேன்.
இங்கே உள்ளங்காலில் கேட்டது.
நாய் குரைத்திருக்கும்.

அக்டோபர் இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது.
அப்போதுதான் பார்த்தேன்:
மேட்டின் மேல் மஞ்சள் கட்டடம், நான்காம் மாடி,
இடமிருந்து மூன்றாவது சன்னல்.
சமையலறை விளக்கு எரிகிறது.

எவ்வளவு அழகான ஊர் என்றாள்
பக்கத்தில் நின்ற அடிலெய்ட் பெண்மணி.
என் மின்கட்டணம் என்றேன், எங்கள் மொழியில்.
ஆமாம் ஆமாம் என்று தலையசைத்தாள்.

எதிர்வீட்டு ஃபுல்வியோவிடம் சாவி இருக்கிறது.
மாடிப்படி பல்புக்காக என்னோடு
பதினெட்டு வருடம் சண்டை போட்ட மனிதர்.
அவரே செய்தி அனுப்பியிருந்தார்:
கதவிடுக்கில் வெளிச்சம் தெரிகிறது. அணைக்கவா?
மிராமாரே கோட்டை வெள்ளையாய் ஒதுங்கிக்கொண்டிருந்தது.
கைபேசியில் ஒரே ஒரு கோடு.

அங்கே யாரோ வெங்காயம் அரிந்துகொண்டிருப்பது போலிருந்தது.
வெளியே நின்று என் வீட்டை
விளக்கு வைத்த நேரத்தில் நான் பார்த்ததேயில்லை.
அதற்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும்.

கொஞ்சம் பொறுங்கள் என்று தட்டினேன்.
போயிற்றா இல்லையா,
அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு மேசைக்கு நடந்து வந்த அதே சப்பாத்து.
மற்ற பெண்கள் மினுமினுத்தார்கள்.
பெட்டி வரவில்லை என்று வாயெடுத்தேன்,
மேசை முழுக்கப் பெட்டி வராத கதைகள்:
லிஸ்பனில் ஒன்று, துபாயில் ஒன்று,
இறந்தவரின் கோட்டோடு வந்து சேர்ந்த ஒன்று.
வட்டச் சன்னலில் கடல் இல்லை.
சூப்பும் நாங்களும்தான் இருந்தோம்.

ஒன்பதரைக்கு அறை வாசலில் நின்றது பெட்டி,
சக்கரத்தில் நாடாவின் ஒரு துணுக்கோடு.
பதினொரு நிமிடத் தூரத்தை
அது ஒரு பகலாகக் கடந்திருக்கிறது.

உள்ளே இழுத்துவிட்டு
சுவிட்ச் எந்தப் பக்கம் என்று
சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன்.